கன்னம் சாயும் இடம்

அத்தியாயம் பதினேழு

மூன்று வாரமாக எர்சிலியாவுக்குத் தன் கையின் மேல் நம்பிக்கை போய்விட்டது.

போன வாரம் வாடிக்கைக்காரன் கஸ்பாரே தொலைபேசியில் கூப்பிட்டு, "என் துப்பாக்கிக் கட்டையை இப்ப ஆரம்பிக்காதீங்க, கொஞ்ச நாள் போகட்டும்" என்று சொன்னானே, அதிலிருந்து அவளுக்குச் சாப்பாடுகூடச் சரியாக இறங்கவில்லை. ஏன் என்று அவள் அவனைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. இத்தாலியில் கார்தோனே மாதிரிச் சின்ன ஊரில் ஒருத்தியின் கை தளர்ந்துவிட்டது என்ற சேதி பரவுவதற்கு ஒரு காபி குடிக்கிற நேரம் போதும்.

தெருவுக்கு இரண்டு துப்பாக்கிப் பட்டறை உள்ள ஊர் அது. புதுத் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்க்கும் சோதனைக் கூடத்தில் நாளெல்லாம் வெடிச் சத்தம் கேட்கும், ஆற்றங்கரைப் பூனைகூடத் தலையைத் திருப்பாது. எர்சிலியா செய்வது இரும்பு வேலை அல்ல. இரும்பைத் தாங்குகிற வால்நட் மரக்கட்டை. அதிலும் வேட்டைக்காரர்களுக்கு அல்ல, தரையில் குப்புறப் படுத்து ஆயிரம் மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கைச் சுடுகிற போட்டிக்காரர்களுக்கு.

அந்தக் கட்டை ஒரு ஆளுக்குப் பொருந்தினால் இன்னொரு ஆளுக்குப் பொருந்தாது. தோளின் சரிவு, கழுத்தின் நீளம், உள்ளங்கையின் பள்ளம் என்று எல்லாவற்றையும் அளந்து செய்ய வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் கன்னம் சாயும் இடம். கன்னம் சரியாகச் சாய்ந்தால் கண் தானாகவே குறிபார்க்கும் துளைக்கு நேராக வந்து நிற்கும். கழுத்து துளையைத் தேடிக்கொண்டு போக ஆரம்பித்தால் கட்டை செய்தவள் தோற்றாள் என்று அர்த்தம்.

எர்சிலியா தோற்றுக்கொண்டிருந்தாள், அதுவும் சொந்தத் தம்பியிடம்.

ஒரெஸ்தேவுக்குப் போன கோடையில் அளவெடுத்தாள். பனிக்காலம் பூராவும் செதுக்கி மூன்று வாரத்துக்கு முன்னால் கையில் கொடுத்தாள். கொடுத்த இரண்டாம் நாளே திரும்பி வந்தான். "கன்னத்துல முட்டுதுக்கா. கொஞ்சம் சீவிக் கொடு." சீவினாள். மறுவாரம் வந்தான். "இன்னும் கொஞ்சம்." அதற்கடுத்த வாரமும் வந்தான்.

அந்தப் பட்டறையில் அப்பா காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. சுடுகிறவன் குறை சொன்னால் அவனோடு வாக்குவாதம் செய்வதில்லை. மரத்தைத் திருத்துவார்கள். குறை எப்போதும் மரத்தில்தான், சுடுகிறவனிடம் ஒருபோதும் இல்லை. இந்தப் பணிவினால்தான் அவர்களுக்கு ஊரில் நல்ல பெயர். ஆகவே எர்சிலியா மூன்று முறையும் வாயைத் திறக்காமல் அரத்தை எடுத்தாள். முதலில் கட்டைவிரல் பருமனுக்குப் புடைத்திருந்த கன்னப்பகுதி இப்போது கிட்டத்தட்டச் சப்பையாகிவிட்டது. சீவிய மரத்தை ஒட்டவைக்க முடியாது என்பது எர்சிலியாவுக்குத் தெரியாததா?

ஞாயிற்றுக்கிழமை தேர்வுப் போட்டி. தேசிய அணியில் ஆறு இடம், ஐந்து நிரம்பியாகிவிட்டது. ஆறாவது இடத்துக்கு ஒரெஸ்தேவும் இன்னும் இரண்டு பேரும் மோதுகிறார்கள். அவனுக்கு நாற்பத்தேழு வயது. இதைவிட்டால் அடுத்த வாய்ப்பு வரும்போது அவன் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிற வயசில் இருப்பான்.

இன்றைக்கு வியாழன்.

"அக்கா, இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே ஒரெஸ்தே கதவைத் தோளால் தள்ளினான். காலைப் பேருந்தை ப்ரெஷா நகரம் வரை ஓட்டிவிட்டு நேராக வந்திருந்தான். போக்குவரத்துக் கழகத்தின் நீலச் சட்டையைக்கூட மாற்றவில்லை. ஒரு கையில் துப்பாக்கிப் பெட்டி, இன்னொரு கையில் சுடும்போது போடுகிற தடித்த தோல் கோட்டு.

"நான் எங்க போகப் போறேன். இன்னிக்கு என்ன குறை?"

"குறைன்னு இல்ல..."

"கேட்கறேன் இல்ல, சொல்லு."

"வலது பக்கம் இன்னும் ஒரு துளி போகணும்க்கா. தலை முழுசா வந்து உக்கார மாட்டேங்குது. கழுத்தை இழுத்துத்தான் துளையைப் பிடிக்கறேன். பத்து தோட்டாவுக்கு மேல வலிக்குது."

எர்சிலியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கோபம் வரும்போது அவள் செய்கிற முதல் காரியம் அது.

"கிளப்புல இதைத்தான் சொல்லிட்டுத் திரியறியா?"

"நான் எங்க சொன்னேன்? கேட்டாங்க. இன்னும் சரியா வரலைன்னு சொன்னேன்."

"அது போதாதா? கஸ்பாரே வேலையை நிறுத்திட்டான். சொந்தத் தம்பிக்கே சரியா வரலையாம், நமக்கு எங்க வரும்னு நினைச்சிருப்பான். நானா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்."

ஒரெஸ்தே தரையைப் பார்த்தான். சின்ன வயசிலிருந்தே அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது, மௌனமாக இருக்கத்தான் தெரியும். அந்த மௌனத்தை எர்சிலியா வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள். பாவம், அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

"படு. இன்னிக்கு நான் அரத்தைத் தொடறதுக்கு முன்னால முழுசா ஒரு தடவை பார்க்கப் போறேன்."

"எதுக்குக்கா? நான்தான் எவ்வளவுன்னு சொல்றேனே. உனக்கு வேற இடுப்பு வலி. தரையில எல்லாம் படுக்காத."

"என் இடுப்பைப் பத்தி உனக்கு இன்னிக்குத்தான் ஞாபகம் வந்துச்சா?"

துப்பாக்கியின் பூட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். குழலின் பின்பக்கம் விரலை விட்டுப் பார்த்தாள், பிறகு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி உள்ளே பார்த்தாள். ஜன்னல் வட்டமாகத் தெரிந்தது. காலி. அதற்குப் பிறகுதான் தம்பியிடம் கொடுத்தாள். அவர்கள் வீட்டில் யாரும் யாருடைய வாய்வார்த்தையையும் நம்பித் துப்பாக்கியைத் தொடுவதில்லை.

ஒரெஸ்தே கோட்டை மாட்டினான். பாயில் குப்புறப் படுத்தான். இடது கையில் துப்பாக்கியின் தோல் வாரைச் சுற்றிக்கொண்டான். இடது கண்ணை மறைக்கிற சின்னத் தகட்டைத் தொப்பியில் செருகிக்கொண்டான். அவள் அவன் கன்னத்தில் நீலச் சுண்ணாம்புப் பொடியைத் தடவினாள். கன்னம் மரத்தில் எங்கே படுகிறதோ அங்கே நீலம் ஒட்டும், அந்த இடத்தைத் திருத்தினால் போதும்.

"கண்ணை மூடு. கன்னத்தை வை. எப்பவும்போல மூச்சு விடு. நான் சொல்றப்ப கண்ணைத் திற. திறந்த பிறகு தலையை நகர்த்தக் கூடாது."

கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற துளைத் தகட்டைக் கழற்றிவிட்டாள். இப்போது அங்கே விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வளையம் மட்டும். கைவிளக்கை எடுத்துக்கொண்டு துப்பாக்கியின் முன்பக்கம் போனாள். முனகிக்கொண்டே தரையில் படுத்து, குழல் முனையின் வளையத்துக்கும் பின்வளையத்துக்கும் நேராகத் தலையை வைத்தாள். கட்டை பொருந்தியிருந்தால் சுடுகிறவனின் கண்மணி பின்வளையத்தின் நடுவில் நின்று அவளையே நேருக்கு நேர் பார்க்கும். இந்த நிமிஷத்துக்காகத்தான் அவள் இந்தத் தொழிலைச் செய்தாள் என்றுகூடச் சொல்லலாம். கோடையில் முதல் அளவு எடுத்தபோது தம்பியின் கண் அப்படித்தான் நின்றது. அதற்குப் பிறகு அவள் பார்க்கவில்லை. அவன் பார்க்க விடவில்லை.

"திற."

கண் திறந்தது.

கண்மணி வளையத்துக்குள்தான் இருந்தது, ஆனால் நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. அதுகூடப் பெரிசில்லை. அந்தக் கண் அவளைப் பார்க்கவில்லை. மூக்குப் பக்கமாகத் திரும்பியிருந்தது. அவளுடைய வலது காதுக்கு அப்பால், சுவரில் மாட்டியிருக்கும் ரம்பத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"ஒரெஸ்தே, என்னைப் பாரு."

"உன்னைத்தான் பார்க்கறேன்."

"நேராப் பாரு."

"நேராத்தான்க்கா பார்க்கறேன். நல்லாத் தெரியறே. கண்ணாடி போட்டிருக்கே."

அவள் அப்படியே கிடந்தாள். இடுப்பு வலியெல்லாம் எங்கேயோ போய்விட்டது. கண் மூக்குப் பக்கம் திரும்பினால் கண்மணியும் அந்தப் பக்கம் நகரும். நகர்ந்த கண்மணியை மறுபடி துளைக்கு நேராகக் கொண்டுவர வேண்டுமானால் தலை கட்டையின் பக்கம் இன்னும் சாய வேண்டும். அதற்கு மரம் வழிவிட வேண்டும். 'வலது பக்கம் இன்னும் ஒரு துளி.' மூன்று வாரமாக அவன் சீவச் சொன்னது அத்தனையும் இந்தத் திரும்பின கண்ணுக்காக.

மரத்தில் குறையே இல்லை. முதல் நாள் கொடுத்தபோது அது மிகச் சரியாக இருந்தது.

அவள் மெதுவாக எழுந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா?"

"என்னது?"

"ஒரெஸ்தே, நான் உன் அக்கா. என்கிட்ட நடிக்காத."

அவன் துப்பாக்கியைப் பாயில் படுக்கவைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தான். ஒரு கன்னம் நீலமாக, தொப்பியில் தகடு தொங்க, கூத்துக்கு வேஷம் கட்டினவன் மாதிரி இருந்தான். வேறொரு நாளாக இருந்தால் எர்சிலியா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"ஜனவரியிலேர்ந்து" என்றான். "வலது கண்ணுல நடுவுல ஒரு கறை. ஈரமான காபிக் கோப்பையை வெச்சு எடுத்தா மேசையில ஒரு அடையாளம் இருக்கும் பாரு, அந்த மாதிரி. நேராப் பார்த்தா கறைதான் தெரியுது. கொஞ்சம் தள்ளிப் பார்த்தா ஓரத்துல எல்லாம் தெரியுது. இலக்கும் தெரியுது. பழகிட்டேன்."

"பழகிட்டியா?"

"சுட முடியுதுக்கா. போன சனிக்கிழமை சுட்ட புள்ளியைக் கேட்டா நீ நம்ப மாட்டே."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

அவன் கோட்டின் பொத்தானைத் திருகினான்.

"போகலையா? ஏண்டா, ஜனவரியிலேர்ந்து போகலையா?"

"போனா சுடாதேம்பாரு. திங்கட்கிழமை போறேன். ஞாயிறு முடியட்டும்."

"பேக்கரிக்காரம்மாவுக்கு இதேதானே வந்துச்சு? கண்ணுல ஊசி போட்டுக் காப்பாத்திட்டாங்க. ஏன் தெரியுமா? வந்த வாரமே போனாங்க. நீ பனி விழுந்து, உருகி, மரம் துளிர்விடற வரைக்கும் உக்காந்திருக்கே. பஸ்ஸு வேற ஓட்டறே!"

"பஸ் ரெண்டு கண்ணால ஓட்டறது. இடது கண்ணு நல்லா இருக்கு."

"ஆஹா, என்ன சமாதானம்! கம்பெனிக்குச் சொன்னியா இதை?"

அவன் பாயின் ஓரத்தை மடித்தான்.

எர்சிலியா மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணை நினைத்து மட்டும் அல்ல. சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியதும் சொல்லிவிட்டாள்.

"மூணு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல. என் கை போச்சுன்னு நினைச்சேன். ராத்திரி எழுந்து உக்காந்து விரலை மடக்கி மடக்கிப் பார்த்தேன். அப்பா வேலையைக் கெடுத்துட்டேன்னு அழுதேன். உனக்குத் தெரியும், குறை மரத்துல இல்லைன்னு. தெரிஞ்சும் ஒவ்வொரு தடவையும் வந்து நின்னு 'சீவுக்கா'ன்னு சொன்னே."

"தப்புதான்" என்றான் ஒரெஸ்தே. சொன்ன விதத்திலேயே அவன் அதை வாரக்கணக்காக நெஞ்சில் வைத்திருந்தது தெரிந்தது. "உன் மூஞ்சியைப் பார்க்கறப்பல்லாம் சொல்லிடலாம்னு வரும். சொன்னா நீ வீட்டுல நிவெஸ்கிட்டச் சொல்லிடுவே. நிவெஸ் என்னைக் காதைப் பிடிச்சு டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிடுவா."

"போகட்டுமே!"

"அக்கா, நான் எத்தனை வருஷமா அணிக்கு மாற்று ஆளு? பையைத் தூக்கிட்டுக் கூடப் போவேன். எவனுக்காவது காய்ச்சல் வருமான்னு காத்திட்டிருப்பேன். வராது. பையைத் தூக்கிட்டுத் திரும்பி வருவேன். ரெண்டு தடவை ஒரே ஒரு புள்ளியில போச்சு. ஒரு தடவையாவது பேர் கூப்பிட்டு எழுந்து நிக்கணும்க்கா. ஜெயிக்கக்கூட வேண்டாம். எழுந்து நின்னா போதும்."

சோதனைக் கூடத்தில் ஐந்தாறு வெடிச் சத்தம் அடுத்தடுத்துக் கேட்டது.

"இன்னும் மூணு நாள்தான்" என்றான் அவன். "கண்ணு எந்தப் பக்கம் திரும்புதுன்னு இப்ப உனக்கே தெரிஞ்சிடுச்சு. இனிமே நான் குத்துமதிப்பாச் சொல்ல வேண்டியதில்ல. உன் கைக்கு இது பெரிய வேலையா?"

இந்த இடத்தில் எர்சிலியா முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். வாசலைக் காட்டியிருக்க வேண்டும். அல்லது அங்கேயே நிவெஸைத் தொலைபேசியில் கூப்பிட்டிருக்க வேண்டும். வாசகர்கள் அவளைத் திட்டினாலும் நான் தடுக்கப் போவதில்லை.

அவள் அரத்தை எடுத்தாள்.

தம்பியின் மேல் இருந்த பாசம் பாதிக் காரணம், அவள் கர்வம் மீதிக் காரணம். மூன்று வாரம் தன்னையே சந்தேகப்பட்டவளுக்கு, எங்கே எவ்வளவு போக வேண்டும் என்று இப்போது துல்லியமாகத் தெரிந்தது. கை அரித்தது. நீலம் ஒட்டிய இடத்தில் மேல்விளிம்பை மட்டும் ஒதுக்கினாள். கீழே ஒன்றும் தொடவில்லை. தாடை எலும்பு வந்து நிற்பதற்கு ஒரு சிறு பள்ளம் தோண்டினாள். உப்புத்தாளால் இழைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். மறுபடி இழைத்தாள். ஒரெஸ்தே பக்கத்தில் நின்று மூச்சுகூடச் சத்தமில்லாமல் விட்டான்.

"படு."

படுத்தான். கண்ணை மூடினான். கன்னம் போய் மரத்தில் உட்கார்ந்தது. தேடவில்லை, முட்டவில்லை, பழகின தலையணையில் சாய்கிற மாதிரிச் சாய்ந்தது.

"திற."

"ஐயோ அக்கா" என்றான் ஒரெஸ்தே. குரல் உடைந்திருந்தது. "வட்டத்துக்குள்ள வட்டம், கச்சிதமா நிக்குது. கழுத்தே இல்லாத மாதிரி இருக்கு."

அவள் முன்னால் போய்ப் படுத்துப் பார்த்தாள். கண்மணி வளையத்தின் நட்டநடுவில் நின்றது. நின்றபடி, அவளைப் பார்க்காமல் ரம்பத்தைப் பார்த்தது.

அவள் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நுணுக்கமான கன்னப்பகுதியை அவள் செய்ததில்லை. சந்தோஷம் ஒரு கணம் பொங்கிக்கொண்டு வந்தது. வந்த வேகத்திலேயே வடிந்தும் போனது. நான் என்ன செய்துவிட்டேன் என்று அவள் நினைத்த அதே சமயம் வாசல் கதவு திறந்தது.

"அண்ணி! முயல் வதக்கல், சோளமாவுப் பொலேன்தா, ரெண்டும் சூடா இருக்கு. ஆறிப்போனா என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

நிவெஸ். ஒரெஸ்தேவின் மனைவி. கடைவீதியில் முடிதிருத்தும் நிலையம் வைத்திருக்கிறாள். வியாழன் மத்தியானம் கடைக்கு விடுமுறை. பாத்திரத்தை மேசைமேல் வைத்தவள் புருஷனைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்ன கன்னமெல்லாம் நீலம்? அண்ணி அறைஞ்சிட்டாங்களா? அறைஞ்சிருந்தா சரியாத்தான் அறைஞ்சிருப்பாங்க, நான் காரணம் கேட்கமாட்டேன்."

"கட்டை முடிஞ்சிடுச்சு நிவெஸ்!" என்றான் ஒரெஸ்தே, படுத்தபடியே. "சரியா வந்திடுச்சு!"

"அப்பாடா! தினமும் இந்தக் கட்டை புராணம் கேட்டுக் கேட்டு எனக்கே கழுத்து வலி வந்திடுச்சு. அண்ணி, நீங்க ஏன் தரையில கிடக்கறீங்க?"

எர்சிலியா எழுந்திருக்கவில்லை. "கண்ணு நடுவுல வருதான்னு இங்கேர்ந்துதான் பார்க்கறது" என்றாள். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"அட, எனக்கும் காட்டுங்களேன். கல்யாணம் ஆன நாளிலேர்ந்து இந்தத் துப்பாக்கியோட ஒரே வீட்டுல இருக்கேன், பின்னாலேர்ந்துதான் பார்த்திருக்கேன்."

"அதெல்லாம் வேண்டாம்" என்று அவசரமாகச் சொன்னான் ஒரெஸ்தே. "பாத்திரம் ஆறிடும்."

அவன் தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்தது அவளுக்குப் புரிந்தது. மூன்று நாள் மட்டும் என்று கண்ணாலேயே கெஞ்சினான். எர்சிலியா அவனுக்கு எந்த வாக்கும் கொடுத்திருக்கவில்லை. ஆனால் அரத்தை எடுத்தபோதே கொடுத்துவிட்ட மாதிரிதான். வாயைத் திறந்து தம்பியைக் காட்டிக்கொடுக்க அவளால் முடியவில்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை.

அவள் மெல்ல நகர்ந்து இடம் விட்டாள். கைவிளக்கை நிவெஸின் கையில் கொடுத்தாள்.

"இங்க படு. ரெண்டு வளையத்துக்கும் நேரா."

நிவெஸ் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தபடியே படுத்தாள். வேறு வழியில்லாமல் ஒரெஸ்தே கன்னத்தை வைத்தான்.

எர்சிலியா ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். நிவெஸ் நாள் முழுக்கக் கண்ணாடியில் வாடிக்கையாளர்களின் கண்களைப் பார்த்துப் பேசிப் பிழைப்பவள். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்காது என்று எர்சிலியாவுக்குத் தெரியும். தெரிந்துதான் இடம் விட்டாள்.

முதலில் சிரிப்பு நின்றது.

"ஏய், யாரைப் பாக்குறே?"

"உன்னைத்தான்."

"என்னை இல்ல. என் பக்கத்துல யாரையோ பாக்குறே."

"உன்னைத்தான் நிவெஸ்."

"தலையைத் தூக்கு. அந்தக் கட்டையை விடு. தகடு அப்படியே இருக்கட்டும்."

அவன் தலையைத் தூக்கினான். இடது கண்ணைத் தகடு மறைத்திருந்தது. நிவெஸ் முழங்கையை ஊன்றி எழுந்து, அவன் கண் போகிற திசையை உற்றுப் பார்த்தாள். பிறகு தன் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் நகர்த்தினாள். அவன் பார்வை எங்கே விழுகிறதோ சரியாக அந்த இடத்துக்குத் தன் முகத்தைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இப்ப? இப்ப நேருக்கு நேரா இருக்கேன். சொல்லு. தெரியறேனா?"

ஒரெஸ்தேவின் உதடு அசைந்தது. ஏற்கெனவே சொன்னேன், அவனுக்குப் பொய் வராது.

"இப்ப நீ இல்ல" என்றான்.

நிவெஸ் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. கையை நீட்டி அவன் கன்னத்தைத் தொட்டாள். விரலெல்லாம் நீலமானது.

"எப்பலேர்ந்து?"

"ஜனவரி."

"டாக்டர்?"

"திங்கட்கிழமை."

"திங்கட்கிழமை" என்று அவள் திருப்பிச் சொன்னாள். கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் எர்சிலியாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். நிவெஸ் எழுந்தாள், பாவாடையைத் தட்டினாள். தரையில் புதிதாக உதிர்ந்து கிடந்த மரத்தூளைப் பார்த்தாள். அங்கிருந்து அவள் கண் எர்சிலியாவின் மேலங்கிக்குப் போனது. அதில் அதே தூள் அப்பியிருந்தது.

"உங்களுக்கு எப்பத் தெரியும் அண்ணி?"

"இன்னிக்குக் காலையில."

"சீவறதுக்கு முன்னாலயா, அப்புறமா?"

ஒரெஸ்தே குறுக்கே வந்தான். "நான்தான் கெஞ்சினேன் நிவெஸ், அக்கா மேல..."

"நீ பேசாத. அவங்களைக் கேட்கறேன்."

"முன்னாலயே தெரியும்" என்றாள் எர்சிலியா.

"தெரிஞ்சுமா சீவினீங்க?"

"ஆமா."

நிவெஸ் தலையை ஆட்டினாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. "நான் உங்களைத்தான் நம்பியிருந்தேன் அண்ணி. இவன் ஒரு குழந்தை. நீங்க இருக்கீங்க, பார்த்துப்பீங்கன்னு நினைச்சேன்." அவ்வளவுதான் சொன்னாள். எர்சிலியாவுக்கு ஒரு அறை வாங்கியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நிவெஸ் கார் சாவியை எடுத்துக்கொண்டாள். "கோட்டைக் கழட்டு. ப்ரெஷாவுக்குப் போறோம். இப்பவே. கண் ஆஸ்பத்திரியில அவசரத்துக்கு யாராவது இருப்பாங்க. வண்டியை நான் ஓட்டறேன். போற வழியில டெப்போவுக்குப் போன் பண்ணி நாளைக்கு வேற டிரைவரைப் போடச் சொல்லு."

"சரி, வரேன். நாளைக்கு பஸ்ஸும் எடுக்கல." ஒரெஸ்தே எழுந்து கோட்டைக் கழற்றினான். பிறகு குனிந்து துப்பாக்கியை எடுத்தான். "இதைப் பெட்டியில வெச்சுக்கறேன். டாக்டர் என்ன சொல்றாருன்னு பார்ப்போம். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணும் குடிமுழுகிடாதுன்னு சொன்னாருன்னா..."

நிவெஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள். எர்சிலியாவைப் பார்த்தாள். இவள் என்ன செய்யப் போகிறாள் என்று பார்த்தாள்.

எர்சிலியா தம்பியின் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினாள். கீழ்ப்பக்கத்தில் இருக்கிற இரண்டு திருகாணிகளையும் திருப்புளியால் கழற்றினாள். இரும்பை மட்டும் பெட்டியில் படுக்கவைத்து மூடினாள். கட்டை அவள் கையிலேயே இருந்தது. நீலக் கறையோடு, இன்னும் எண்ணெய் காணாத புது வெட்டோடு.

"அதைக் கொடுக்கா."

"கொடுக்க மாட்டேன்."

"அது என்னோடது. எனக்காகச் செஞ்சது."

"உனக்காகச் செஞ்சதை மூணு வாரம் சீவிச் சீவித் தொலைச்சாச்சு. இது உன் வியாதிக்குச் செஞ்சது." அவள் கட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "உன் கண்ணு திரும்பி இருக்கற வரைக்கும்தான் இது உனக்குச் சரியா இருக்கும். கண்ணு நேரா ஆயிடுச்சுன்னா கன்னம் இங்க உக்காராது, துளையும் தெரியாது. என் வாழ்க்கையிலயே இவ்வளவு நல்லா நான் எதையும் செதுக்கினதில்ல ஒரெஸ்தே. இது உனக்குப் பொருந்தாமப் போகணும்னுதான் நான் இப்ப வேண்டிக்கறேன்."

அவன் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றான். தகட்டை எப்போதோ எடுத்துவிட்டிருந்தான். இரண்டு கண்ணும் அவள் முகத்தில் இருந்தன. எது பார்க்கிறது, எது பார்க்கவில்லை என்று இங்கிருந்து தெரியவில்லை.

வெளியே நிவெஸ் காரைக் கிளப்பினாள். ஒரெஸ்தே வாசல் வரை போனான். நிலைப்படியில் கையை வைத்துக்கொண்டு திரும்பினான்.

"வைத்தியமெல்லாம் முடிஞ்சு வந்த பிறகும், அது எனக்கு அப்படியே பொருந்துச்சுன்னா, அக்கா?"